இன்னொரு பின்சி

அமரவிளை,
ஞாயிறு, ஆராதனை முடிந்து

கர்த்தருக்குள் என் பிரியமான சிஜிக்கு,

நானும் பிள்ளையும் சுகம். போனில் பேசினால் நீ அழுவாய், நான் பெரிய வீரனைப் போல நடிப்பேன். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் சுமியின் கையில் கொடுத்துவிடுகிறேன். கூட இருக்கும் உப்பேரி நம் கடை ஏத்தன் வாழைக்காயில் வறுத்தது.

புதன்கிழமை பிரசீதா என்றொரு டாக்டர் வந்தார். பிள்ளைகளுக்குத் திடீரென்று கைகால் தளர்ந்தால் ஆஸ்பத்திரிகள் மேலே தகவல் சொல்ல வேண்டுமாம். அந்த ஏற்பாடு சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. களியக்காவிளையில் பின்சி, அமரவிளையில் ரத்னபாய், ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் கால் தளர்ந்திருக்கிறதே, ஏதாவது பரவுகிறதா என்று பயந்துபோய் வந்திருந்தார்.

கட்டிலில் கிடந்த நம் பிள்ளை தலையைத் தூக்கி, "அவளுக்கும் காலு ஒறங்கிப்போச்சா அப்பா?" என்று கேட்டாள். எத்தனை நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சந்தோஷம்!

எனக்கோ சிரிப்பு; இரண்டு பெயரும் நம் பிள்ளையினுடையதுதானே. காய்ச்சல் வந்து கால் தளர்ந்தபோது அவள் களியக்காவிளையில் உன் அம்மா வீட்டில் அல்லவா இருந்தாள்? எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் அந்த வீட்டு முகவரியும் கூப்பிடுகிற பெயரும் சொன்னேன். இந்தப் பக்கம், கேரளத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது நம் வீட்டு முகவரியும், ஞானஸ்நானத்தில் இட்ட என் அம்மாவின் பெயரும் சொன்னேன். இரண்டு இடத்திலும் மலம் எடுத்துச் சோதித்தார்கள். போலியோ இல்லை என்று இரண்டு தடவை தெரிந்ததுதான் மிச்சம்.

ஒரு பிள்ளை கணக்கில் விட்டுப்போவது போலத்தான், ஒரு பிள்ளையை இரண்டாக எண்ணுவதும் தப்பு என்று டாக்டர் சொன்னார். ஒரு பெயரை வெட்டிவிடலாம் என்றதும் பின்சி ஒரே அழுகை. "அவள வெட்டாண்டாம்" என்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு மத்தியான மழையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். தூக்கமா விழிப்பா என்று தெரியாது. அந்த இன்னொரு பின்சி குளிக்கிறாள், கடற்கரைக்குப் போகிறாள் என்று தானாகச் சொல்வாள். எந்தக் கடற்கரை என்று நான் கேட்கவில்லை.

நேற்றுக் காலை சுவரைப் பிடித்து எழுந்து, தனியாக வாசல்வரை நடந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். எப்படி மக்களே என்று கொஞ்சிக் கேட்டால், "அவ குவைத்தில அம்மைக்க கூடயாக்கும் இருக்கா. அம்மை அவளுக்கு நடக்கப் படிப்பிச்சா, அவ எனக்குப் படிப்பிச்சா" என்கிறாள்.

சிஜி, லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னபோது எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை. ஆனால் வா. வரும்போது அந்தப் பிள்ளையைத் தனியே விட்டுவிடாதே, கையைப் பிடித்துக் கூட்டி வா. இங்கே ஒருத்தி வாசலில் நிற்கிறாள்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.

உன் சானு