ஒரே தட்டில் பூசணிக்காய்

கொழுப்பை வென்ற மகாராணியும் என் அக்கா மகளுமான கிஸ்லானுக்கு,

வெள்ளிக்கிழமை நாம் எல்லோரும் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிட்ட கோதுமை ரவை கூஸ்கூஸ் தட்டில் நீ நடத்திய போரைப் பற்றி எங்கள் வீட்டுப் பூனைகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. என் மனைவியான உன் அத்தை நம்மூர் அட்லஸ் மலையளவு ஆட்டுக்கொழுப்பை உன் பக்கம் தள்ளினாள். நீ திருப்பித் தள்ளினாய். அவள் முகம் வெளுத்துவிட்டது. உனக்கு எச்ஐவி என்று தெரிந்த வருடம் தனித்தட்டு வைத்தவள் அல்லவா? அந்தக் கோபம் உனக்கு இன்னும் ஆறவில்லை என்று நினைத்துவிட்டாள்.

"கோபமெல்லாம் இல்ல அத்தை. மாத்திரையில கிருமி அடங்கிக் கிடக்கு. ஆனாலும் இந்தக் கிருமி உள்ள எங்களுக்கு மாரடைப்பு பயம் மத்தவங்களைவிட அதிகம்னு டாக்டர் சொல்றார். அதான் சிகரெட்டையும் விட்டேன், கொழுப்பையும் விட்டேன்."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்னடி, கழுதை!" என்று அதட்டிக்கொண்டே, தன் விரலாலேயே கொழுப்பைக் கிள்ளி எடுத்துவிட்டுப் பூசணித் துண்டை உன் பக்கம் நகர்த்தினாள்.

பத்து சுல்தான்களுக்கு வராத துணிச்சலம்மா உனக்கு! அவளுடைய விருந்தை மறுத்து உயிரோடு எழுந்தவர் நம் வம்சத்திலேயே கிடையாது.

நீ விட்ட கொழுப்பு எனக்குத்தான் என்று வாயைத் திறந்து காத்திருந்தேன். பாவி, என் பக்கமும் பூசணியையே குவித்துவிட்டாள். அடுத்த வெள்ளியும் வந்துவிடு. உன் கை படாத தட்டில் எனக்கு அந்தப் பூசணிகூட இறங்காது.

பூசணிக்கு இரையான,
உன் மாமா