அளவெடுக்கிற ஆள்

ஜனவரி 9

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. நானும் பேச முடியாது. அதனால்தான் கடிதம். சிரிக்காதே.

இந்த ஊர் வேலை பரவாயில்லை. மூன்று மாடிக் கடை, அதில் திரைத்துணிக்கென்றே ஒரு மாடி. நான் மேற்பார்வையாளர். எதை மேற்பார்க்கிறேன் என்றுதான் தெரியவில்லை. யாரோ எடுத்த அளவுக்கு யாரோ தைத்து, வேறு யாரோ போய் மாட்டுகிறார்கள். நடுவில் நின்று தலையாட்டுகிறேன். மாதம் முடிந்ததும் சம்பளம் வந்துவிடுகிறது. யாரிடமும் போய் நிற்காமல், தானாக. இன்னும் பழகவில்லை.

அறை சின்னது. ஜன்னலுக்குத் திரை இல்லை. செய்தித்தாள் ஒட்டியிருக்கிறேன். வெளியில் சொல்லாதே, தொழிலுக்கு அவமானம்.

நம் திரைத்துணிக் கடை விஷயம். இத்தனை நாள் நான் அளந்தேன், நீ தைத்தாய். இப்போது அளவெடுக்க ஆள் வேண்டும். சம்பளம் கொடுத்தாவது ஒருவரை வை. வாடிக்கையாளர் வாயால் சொல்லும் அளவுக்குத் தைக்காதே. எல்லோரும் ஜன்னலை அளப்பார்கள். நமக்கு வேண்டியது திரை தொங்கும் கம்பியின் அளவு. முன்பணம் வராமல் துணியில் கத்திரி வைக்காதே. வெட்டிய துணியை எந்த மொத்த வியாபாரியும் திரும்ப எடுக்கமாட்டான். வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் கை வைக்காதே. உனக்கு நீயே ஒரு மாதச் சம்பளம் போட்டுக்கொள்.

ஒரு வருடம்தான். அதற்குள் ஏதாவது ஒரு முடிவு தெரிந்துவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
அளவுக்காரன்


ஜனவரி 20

அன்புள்ள அளவுக்காரருக்கு,

உன் கடிதத்தை மெஷின் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: “பொண்டாட்டிக்கு எழுதினாரா, பேங்குக்கு எழுதினாரா?”

அளவெடுக்க ஒருவர் வந்தார். டேப்பைப் பிடிக்கச் சொன்னால் பிடித்தார். ஏணியில் ஏறச் சொன்னேன். “மேல ஏறினா தலை சுத்தும்மா. கீழேயே ஏதாவது அளக்க இருந்தா குடுங்க” என்றார். அனுப்பிவிட்டேன். இப்போது நானே போகிறேன். காலையில் கடையைத் திறந்து அக்கா கையில் விட்டுவிட்டு, டேப்பும் பென்சிலுமாய்.

இத்தனை வருடமாக நீ போன வீடுகள். திரும்பி வந்து நீ எனக்குச் சொன்னதெல்லாம் எண்கள். அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு. அந்த வீடுகளுக்குள் ஆட்களும் இருக்கிறார்கள் என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. நேற்று ஒரு வீட்டில் புருஷனும் பொண்டாட்டியும் தனித்தனியாகக் கூப்பிட்டு நிறம் சொன்னார்கள். “அவர்கிட்ட கேக்காதீங்க, அவருக்கு ரசனையே கிடையாது.” “அவகிட்ட கேக்காதீங்க, சாம்பல் கலரைத் தவிர உலகத்துல எதுவும் தெரியாது.” ஆளுக்கு ஒரு அறை என்று முடித்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கவில்லை.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தேன். கடைப் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம். ஏன் என்று தெரியவில்லை.

சம்பளம் போட்டுக்கொண்டேன். முதலாளி ஒரு கஞ்சம்.

ஏதாவது ஒரு முடிவு என்று எழுதியிருக்கிறாய். என்ன முடிவு?

உன்,
முதலாளி


பிப்ரவரி 4

அன்புள்ள கஞ்சத்துக்கு,

அறை மாற்றிவிட்டேன். பழைய அறையில் மேல்மாடிக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டே இருந்தார். இந்த அறையில் சத்தமே இல்லை. அதுவும் ஒத்துவரவில்லை.

நிறம் பற்றி எழுதியிருந்தாய். ஒன்று செய். அவர்கள் தேர்ந்தெடுத்த துணியில் விரலகலம் வெட்டி ஆர்டர் சீட்டில் பின் பண்ணு. அந்தத் துண்டின் மேலேயே கையெழுத்து வாங்கு. “நான் சொன்ன கலரே இது இல்ல” என்பவர்கள் பாதிப்பேர் அங்கேயே அடங்கிவிடுவார்கள். அப்புறம், மூன்று நாள் வேலைக்கு ஐந்து நாள் கேள். நான்காம் நாள் கொடு. வாயெல்லாம் பல்லாக வாங்கிப்போவார்கள்.

முடிவு என்ன என்று கேட்டாய். சுற்றி வளைக்காமல் எழுதப் பார்க்கிறேன். இங்கே என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறார்கள். தையல் பிரிவுக்கும் ஆள் எடுக்கிறார்கள். உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். கடை வாடகை ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. அதோடு மூடிவிட்டு நீ இங்கே வந்தால் இரண்டு சம்பளம், ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கும்.

யோசி. அவசரம் இல்லை. (அவசரம்தான்.)

உன்,
அளவுக்காரன்


பிப்ரவரி 19

அன்புள்ளவனுக்கு,

என்னைக் கேட்காமல் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். இரண்டு வாரமாக இந்த ஒரு வரியோடுதான் எழுந்து கடைக்கு வருகிறேன்.

ஒரு செய்தி. புதிதாகக் கட்டும் மாணவியர் விடுதியில் எல்லா அறைக்கும் திரை. நமக்குக் கிடைத்திருக்கிறது. காப்பாளர் அம்மா கேட்டார்: “உங்க கடையில எத்தனை பேரு?” இரண்டு பேர் என்றேன். “போதுமா?” சாப்பிடாமல் தைத்தால் போதும் என்றேன். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

மாடி மாடியாக ஏறி நானே அளந்தேன். சுவரெல்லாம் சுண்ணாம்பு வாசம். கதவு இன்னும் வரவில்லை, வெறும் திறப்புகள். ஒவ்வொரு அறையிலும் இரண்டு முறை அளந்தேன், கம்பி முதல் தரை வரை. ஏணி மேலே நின்றபோது நீ நினைவுக்கு வரவில்லை. இறங்கிய பிறகுதான் அது உறைத்தது.

அங்கே வருவது பற்றி இப்போது கேட்காதே. தைத்து முடிக்கிறேன்.

உன்,
நான்


பிப்ரவரி 27

அன்புள்ளவளுக்கு,

சந்தோஷம். நிஜமாகவே.

ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரே வாடிக்கையாளரிடமிருந்து பாதி வருமானத்துக்கு மேல் வந்தால் நீ முதலாளி இல்லை, அவருடைய வேலைக்காரி. சின்ன ஆர்டர்களை விரட்டாதே. விடுதி ஒரு வருடத்துக்குத் திரும்பி வராது. தலையணை உறை தைக்க வருபவர்தான் அடுத்த மாதமும் வருவார். துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டு. மாடிக்கு மாடி பணம் வாங்கிக்கொண்டு கொடு. மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் காசுக்கு அலையாதே.

உன்னைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்கிறேன். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் தெருத்தெருவாக நடக்கிறேன். எதிரே தெரியும் ஜன்னல்களையெல்லாம் கண்ணாலேயே அளக்கிறேன். யாருக்குச் சொல்ல?

உன்,
அளவுக்காரன்


மார்ச் 22

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

முதல் இரண்டு மாடிக்கும் திரை கொண்டுபோய் மாட்டினோம். எல்லாம் தரையில் புரள்கிறது. ஒன்றுவிடாமல். இரண்டு விரல் அளவுக்கு, கூட்டி அள்ளுகிற மாதிரி. என் அளவுச் சீட்டைப் பார்த்தேன், சரி. துணியை அளந்தேன், சரி. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். மெஷின் அக்காதான் காலால் தரையைத் தேய்த்துக் கேட்டாள்: “நீ அளந்தப்ப டைல்ஸ் இருந்துச்சா?”

இல்லை. வெறும் சிமெண்ட். நான் போன பிறகு தரை உயர்ந்திருக்கிறது.

காப்பாளர் அம்மா வாசலில் நின்று பார்த்தார். “பிள்ளைங்க திங்கக்கிழமை வராங்க” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அங்கேயே தரையில் உட்கார்ந்தோம். இறக்கி, மடித்து, ஓரம் தைத்து, மறுபடி மாட்டி. அக்கா முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அவரு இருந்திருந்தா கேட்டிருப்பாரு.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இருந்திருந்தாத்தானே” என்றாள்.

முடித்துவிட்டோம். திங்கட்கிழமைக்கு முன்பே. இரட்டை மடிப்பில் துணி கனமாக, நேராக விழுகிறது. காப்பாளர் அம்மா தொட்டுப் பார்த்தார். மூன்றாம் மாடிக்கு மறுபடி அளக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனை அறிவுரை எழுதினாயே. முன்பணம், துணித்துண்டு, சம்பளம். இதை ஏன் எழுதவில்லை?


மார்ச் 29

அன்புள்ளவளுக்கு,

ஏன் எழுதவில்லை என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். எனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. புதுக் கட்டடத்துக்குள் நுழைந்தால் வாய் தானாகக் கேட்டுவிடும், தரை வேலை முடிந்துவிட்டதா என்று. செருப்பைக் கழற்றுகிற மாதிரி. செருப்பைக் கழற்று என்று யாராவது கடிதத்தில் எழுதுவார்களா?

நான் அங்கே இருந்திருக்கவேண்டும். இந்த வரியை எழுதிவிட்டுக் கோடு போட்டு அடிக்கப் போனேன். அடிக்கவில்லை.

இன்னும் இப்படி எத்தனை இருக்கிறதோ. எல்லாவற்றையும் எழுதி அனுப்ப முடியாது. ஒரே இடத்தில் இருந்தால் எழுதவே வேண்டாம். நிரந்தர வேலைக்கான தாள் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் நாளைக் கடத்துகிறேன். மேலாளர் தினமும் “என்ன சார், வீட்டுல கேட்டுட்டீங்களா?” என்கிறார். கேட்டிருக்கிறேன் என்கிறேன்.

கேட்டிருக்கிறேன்.

உன்,
அளவுக்காரன்


ஏப்ரல் 8

அன்புள்ள அளவுக்காரருக்கு,

நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய். சரி. இனி நான் கேட்பேன். நேற்றுக்கூட ஒரு புது வீட்டில் கேட்டேன். மேஸ்திரி திரும்பிப் பார்த்து, “இன்னும் ரெண்டு நாள் ஆகும், அப்புறம் வாங்க” என்றார். சின்ன விஷயம். தெரு முழுக்க அந்தப் பதிலோடு நடந்தேன்.

கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் வந்தார். ஐந்து வருடத்துக்குப் போட்டால் போடுங்கள், இல்லையென்றால் மாதக் கடைசியில் காலி செய்யுங்கள், மருந்துக் கடைக்கு ஆள் காத்திருக்கிறது என்றார். பழைய ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு, “சார் எப்ப வராரு? கையெழுத்து ரெண்டு வேணுமே” என்றார்.

“ஒண்ணு போதும்” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. அக்கா மெஷினை நிறுத்திவிட்டாள். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஏதோ விளக்கு மாற்றச் சொன்ன மாதிரி.

நீ கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதிலா? இருக்கலாம். எனக்கு அங்கே வரப் பிடிக்கவில்லை என்பதல்ல. யாரோ எடுத்த அளவுக்கு உட்கார்ந்து தைக்க இனி முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். ஒப்பந்தத்தில் என்னென்ன கேட்டு வாங்கவேண்டும்? எனக்கு எது நல்லதோ அதை எழுது. நமக்கு எது நல்லது என்பதை இந்த ஒரு முறை எழுதாதே.

உன்,
நான்


ஏப்ரல் 16

அன்புள்ள முதலாளிக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

வாய்ப்பேச்சை நம்பாதே, எல்லாம் தாளில் வரவேண்டும். கூரை ஒழுகினால் யார் சரிசெய்வது என்று இருக்கட்டும். துணிக் கடைக்கு ஒழுகல்தான் முதல் எதிரி. வாடகை வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஏறக்கூடாது, எவ்வளவு ஏறும் என்பதும் இப்போதே எழுதப்படவேண்டும். மின்சாரத்துக்குத் தனி மீட்டர். முன்தொகை, காலி செய்த எத்தனை நாளில் திரும்பி வரும். பெயர்ப்பலகைக்கு அனுமதி. அவர் கட்டடத்தை விற்றால் வாங்குகிறவரும் இதே ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படவேண்டும். முதல் நாள் கையெழுத்துப் போடாதே. வீட்டுக்கு எடுத்துவந்து படி. அக்காவுக்கும் படித்துக் காட்டு, அவள் ஓட்டையைக் கண்டுபிடிப்பாள்.

கடைசியாக ஒன்று. ஒரு வருடத்துக்குப் பிறகு, மூன்று மாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு நீ விலகலாம் என்று ஒரு விதி. வேறு எதை விட்டாலும் இதை விடாதே. எந்தக் கடைக்காரர் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். உனக்கும் அதையேதான் சொல்கிறேன். அதற்குப் பின்னால் வேறு எதுவும் இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நம்பாதே.

என் பெயரை நீக்கச் சம்மதம் என்று தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கிறது. செல்லும்.

உன்,
அளவுக்காரன்


ஏப்ரல் 30

அன்புள்ளவனுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நீ எழுதிய ஒவ்வொன்றையும் கேட்டேன். ஒழுகல் அவர் பொறுப்பு. மீட்டர் தனி. கட்டடத்தை விற்பது பற்றிக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “யாரும்மா உனக்கு இதெல்லாம் சொல்லித் தராங்க?” என்றார். என் வீட்டுக்காரர் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி நாளாகிவிட்டது.

விலகும் விதியையும் கேட்டேன். கடைக்குப் பின்னால் அவர் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டியிருக்கும் அறையையும் கேட்டேன். வெகுநேரம் தாடையைத் தடவினார். “ரெண்டும் குடுக்க முடியாதும்மா. போற வழி வேணுமா, இருக்க இடம் வேணுமா? ஒண்ணைச் சொல்லு.”

அறையைக் கேட்டேன்.

வெட்டும் மேசை போடும் அளவுக்கு அது நீளம். அக்கா இனித் தரையில் குனிந்து வெட்டவேண்டாம். கடைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் நான் செய்தது தவறு என்பார்கள். உன்னைக் கேட்டாலும்தான். ஆனால் அந்த விதி இருந்தால் நான் ஐந்து வருடமும் வாசலைப் பார்த்துக்கொண்டு தைப்பேன். நீ அங்கே என் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். இரண்டு பேரும் ஒரு வேலையும் செய்யமாட்டோம்.

உன் மேசையில் இருக்கும் தாளைப் பற்றி. இது முதலாளியின் அறிவுரை, கேட்டுக்கொள். இடமாற்றம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார். விடுமுறையை எழுத்தில் வாங்கு. மேற்பார்வை வேண்டாம், அளவெடுக்கிற வேலையைக் கேள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் கேள். நீ வீடுகளுக்குள் போகவேண்டியவன். போனால், உள்ளே இருக்கும் ஆட்களையும் கொஞ்சம் பார்.

அதெல்லாம் சரியாக இருந்தால் கையெழுத்தைப் போட்டுவிடு. வீட்டில் கேட்டாயா என்று மேலாளர் கேட்டால், கேட்டுவிட்டேன், போடச் சொல்லிவிட்டாள் என்று சொல்.

அன்புடன்,
நான்