திரும்பி வர ஒரு வீடு

ஜூன் 3, செவ்வாய்
காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. விசா இல்லை என்று மெயில் வந்துவிட்டதாம். கார்த்தி கனடாவிலிருந்து போனில் படித்துக் காட்டினான். புளி கரைத்தபடியே கேட்டேன். கிடைத்திருந்தால் ஐந்து வருடம் வரை மகனோடு இருந்திருக்கலாம். பேத்திக்கு மூன்று வயது, இன்னும் ஒரு தரம்கூடத் தூக்கவில்லை. மதியம் அழுதேன்.
காரணம்: எங்களுக்கு ஊருக்குத் திரும்பி வர ஒன்றும் இல்லையாம். பேண்டேஜ் துணி நெய்த தறிகளை விற்ற பிறகு அவர் எதற்கும் கோபப்படுவதில்லை. இன்று பட்டார்.
"அப்ப இது என்னட்டி, சத்திரமா?"

ஜூன் 5, வியாழன்
மதுரை ஏஜென்ட் போனில். வீடு யார் பேரில் என்று கேட்டார். கார்த்தி பேரில். அவன் கல்யாணத்துக்கு முன்பே அவன் அப்பா தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். பெண் வீட்டார் மெச்ச வேண்டும் என்ற பெருமை. மகள் வள்ளிக்கு நகை, பையனுக்கு வீடு. அன்றைக்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.
"பத்திரப்படி பாத்தா நீங்க ரெண்டு பேரும் மகன் வீட்ல சும்மா இருக்கீங்கம்மா."
வீட்டை எங்கள் பேருக்கு மாற்றிவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாமாம். மகன் வீட்டுக்குப் போவதற்கு மகனிடமிருந்து வீட்டை வாங்க வேண்டும். இரண்டு தரம் எழுதிப் பார்த்தும் புரியவில்லை.
உளுந்து, பாத்திர சோப்பு, அவருக்கு பி.பி. மாத்திரை.

ஜூன் 8, ஞாயிறு
கார்த்தியிடம் கேட்டாச்சு. அவன், "யோசிச்சுச் சொல்லுதேம்மா."
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருக்குமோ? நல்ல பிள்ளைதான். கேட்டது தப்போ.
அவர், "விசாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு சூட்கேஸ் சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறார்.

ஜூன் 10, செவ்வாய்
ஸ்ரீவில்லிபுத்தூர், வள்ளி வீடு. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். விஷயம் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.
"தம்பி போன் போட்டாம்மா. வீடு அப்பா பேருக்கு வந்தா பொறவு நீ பங்கு கேப்பியா, அக்கான்னான். கேக்க மாட்டேன், வேணும்னா எழுதித் தாரேன்னு சொல்லிட்டேன். நீ போயி பிள்ளையப் பாரு."
தட்டில் இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. கார்த்தி மேல் கோபம். அவனை அப்படிக் கேட்க வைத்தது நாங்கள்தானே என்று எங்கள் மேலும். "வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்
கார்த்தி சம்மதித்து, அப்பா பேருக்கு பவர் பத்திரம் அனுப்பிவிட்டான். பத்திரம் எழுதுகிறவரிடம் போனோம்.
"பவர் வாங்குன நீங்களே உங்க பேருக்கு எழுதிக்கிட்டா நாளைக்கு ஆயிரம் கேள்வி வரும். அம்மா பேருக்குப் போட்ருவோம்."
அவர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

ஜூலை 17, வியாழன்
பத்திர ஆபீஸ். சரியான வெயில். போட்டோ, பெருவிரல். முடிந்தது.
வீடு என் பேரில். இதுவரை ஒரு ஸ்கூட்டர்கூட என் பேரில் இருந்ததில்லை. வந்ததும் கூடத்துச் சுவரில் இருந்த விரிசலைப் பார்த்தேன். வருடக்கணக்காக இருப்பதுதான், இன்றைக்குத்தான் உறுத்தியது. கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். மாடிக்குப் போய் சும்மா நின்றேன். சந்தோஷமா என்னவென்று தெரியவில்லை. சாயங்காலம் வரை விசா ஞாபகமே வரவில்லை. வெட்கமாக இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு
மறுபடி விண்ணப்பம் போட்டாச்சு. வீடியோவில் பேத்தி.
"ஆச்சி, எப்ப வாரீங்க?"
சொல்லிக் கொடுத்த கேள்விதான். இருந்தாலும் அப்போதே கிளம்பிவிடலாம் போல இருந்தது. கார்த்தி போனை வாங்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனான்.
"ம்மா, விசா கெடச்சு நீங்க இங்க வந்த பொறவு, வீட்ட எம் பேருக்கே திருப்பி எழுதிருவல்ல?"
"ம்" என்றால் போதும். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.