கிராணியைக் கேட்கவும்

92 மார்ச் 9, திங்கள்

விடியலிலிருந்து மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. ஆபீசில் கம்ப்யூட்டரும் நானும்தான்.

மனைவி கமலம் மூட்டுவலியோடு மம்பாவில், மகள் வீட்டில். நான் இங்கே எஸ்டேட் குவாட்டர்சில் தனியே. கணக்கெழுதும் கிராணிக்கு ஓய்வு வயது எப்போதோ கடந்தது. மேனேஜர் தொரை விடவில்லை. பால் கணக்குப் புரோகிராம் ஊர்கிறது. அதன் எந்தப் பகுதி நேரத்தைத் தின்கிறது என்று காட்ட நான் எழுதிய "நேரங்காட்டி" என்னைத் தவிர யாருக்கும் புரிவதில்லை.

தொரை: "தனலெட்சுமி அதப் படிக்கிற மாதிரி பண்ணிக் குடுத்துட்டு நீங்க போகலாம் கிராணி."

தனலெட்சுமி உதவிக் கிராணி. ஆக, திரை சரியானால் மம்பாவ்.

செய்ய வேண்டியவை: இரண்டெழுத்துச் சுருக்கங்களை முழுப் பெயராக்க. நிறம் மாற்ற. எஃப்-1 தட்டினால் உதவிக்குப் பதில் "கிராணியைக் கேட்கவும்" என்று மலாய் மொழியில் ஒரு வரிதான் வருகிறது. சோம்பலில் அன்று நான் எழுதியது. நீக்கி, விளக்கம் எழுத.

குடையில் ஓட்டை.

11, புதன்

வெயில். திரையில் தெரிகிற நேரங்களையெல்லாம் கூட்டினாலும் மொத்த நேரத்தில் பாதிகூட வரவில்லை. மீதி எங்கே? தெமியாங்கில் மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் எழுதிய குறிப்புகளைப் புரட்டினேன். தவறு என்னுடையதாகத்தான் இருக்கும். இந்த வயதில் இதில் கை வைத்திருக்கக் கூடாது.

இரவு ரொட்டி மட்டும்.

12, வியாழன்

தனலெட்சுமி டீயோடு வந்து பின்னால் நின்றாள்.

"ஐயா, இதுல யாரு ரொம்ப இழுத்தடிக்கிறது?"

"எல்லாம் வரிசையா இருக்கேம்மா."

"என்னா வரிசை?"

பெரட்டு வரிசை. காலையில் ஆள் கணக்கெடுக்கப் பெயர் கூப்பிடுவதுபோல, புரோகிராமில் முதலில் வருவது முதலில். வாழ்நாள் பழக்கம். வேறு வரிசை இருக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை.

"பெரட்டுல கடைசியா நிக்கிறவன்தான்யா தூங்குமூஞ்சி. கீழ பாருங்கலா."

கீழே திரை முடிந்துவிடுகிறது. அதில் அடங்காத வரிகள் காட்டப்படாமலே போயிருக்கின்றன! அதிக நேரம் தின்பது மேலே வரும்படி மாற்றினேன். முதலில் வந்தது என் நேரங்காட்டியே. ஒவ்வொரு ஆளின் பால் எடைக்கும் முழுத் திரையையும் அழித்து அழித்து எழுதுகிறது. ஏதாவது கெட்டுவிடுமோ என்ற பயத்தில் அதை நான் ஒருநாளும் அணைத்ததில்லை.

"கங்காணியே வேலையக் கெடுத்திருக்காரு!" விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் காது சுட்டது.

13, வெள்ளி

கடைசியில் ஒரே ஒரு முறை மட்டும் திரையை எழுதும்படி திருத்தினேன். பால் கணக்கு ஓடுகிறது. நம்பாமல் மறுபடி ஓட்டினேன். ஓடுகிறது.

தனலெட்சுமி தானாகவே எல்லா வரியும் படித்தாள். எஃப்-1 தட்டி விளக்கமும் படித்தாள். "சின்னப்புள்ளகூடப் படிக்கும்யா."

கமலத்துக்குப் போன். அறையைக் கூட்டி வைக்கச் சொன்னேன். தகரப் பெட்டியில் பாதி அடுக்கியாயிற்று. நல்ல வேட்டி எங்கே?

16, திங்கள்

தொரை வந்தார். திரையைப் பார்த்தார். தலையாட்டினார்.

"தனலெட்சுமி, கிராணி இல்லாம நீ பாத்துக்குவியா?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "எனக்குப் புரியல தொரை. ஐயா இருந்தாத்தான் ஓடும்."

தொரை என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லியிருக்கலாம். "இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும் தொரை" என்றது என் வாய்.

பிறகு சைக்கிள் கொட்டகையில் அவள்: "கோவிச்சுக்காதீங்கய்யா. எங்க வூட்டுக்காரருக்கு நீலாய்ல பேக்டரி வேல கெடச்சிருச்சு. வீடும் பாத்தாச்சு. நான் தலையாட்டியிருந்தா அந்தக் கிராணி நாக்காலி என்னிய விடுமா?"

விடாது. எனக்குத் தெரியாதா.

17, செவ்வாய்

மந்தாரம். கமலம் போனில்: "எப்பங்க வரீங்க?"

"திரையில ஒரு சின்ன வேலை."

பெட்டியிலிருந்து வேட்டியை எடுத்துக் கொடியில் போட்டேன்.

எஃப்-1 விளக்கத்தைத் தொரை படித்தால், இதுவா புரியவில்லை என்று தனலெட்சுமி மாட்டிக்கொள்வாள். அழித்துவிட்டுப் பழைய வரியையே திரும்ப எழுதினேன். எஃப்-1 தட்டிப் பார்த்தேன்: கிராணியைக் கேட்கவும்.