முப்பதாயிரத்து முப்பத்தொன்று

இன்று மாட்டுங்கா ரேஷன் கடையில் குமாஸ்தா காப்பியிங் பென்சிலை நாக்கில் நனைத்து என் கார்டில் எழுதினார். நாக்கு நுனியில் ஊதாக் கறை. ஆபீஸில் அதே பென்சிலால் எழுதி எழுதி உங்கள் நாக்கிலும் அது எப்போதும் இருக்கும். அரிசிப் பையுடன் அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் "சலோ, சலோ" என்றார்கள்.

யுத்த காலத்தில் இதே வரிசையில் நாம் இருவரும் நிற்போம். நான் கல்லூரியில் கணக்குப் படித்தவள் என்பதில் என்னைவிட உங்களுக்குத்தான் பெருமை. பொழுது போவதற்காக, ஒன்றாலும் தம்மாலும் தவிர வேறெதனாலும் வகுபடாத பகா எண்களை இரண்டிலிருந்து வரிசையாகப் பெருக்கி, ஒன்றைக் கூட்டிப் பார்த்தோம். இரண்டையும் மூன்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் ஏழு. ஐந்தையும் சேர்த்துப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் முப்பத்தொன்று. அப்புறம் இருநூற்றுப் பதினொன்று, இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. எல்லாமே பகா எண்கள். பதின்மூன்று வரை போனபோது முப்பதாயிரத்து முப்பத்தொன்று வந்தது. மாடி வீட்டு மாமி, "க்யூல நின்னுண்டு பரீட்சைக்கா படிக்கறேள்?" என்று கேட்டாள். நீங்கள் அதை உள்ளங்கையில் எழுதி என்னிடம் காட்டினீர்கள். "இதையும் யாராலயும் பிரிக்க முடியாது. நம்மள மாதிரி."

வகுத்துப் பார்க்கவே இல்லை. முன்னால் வந்தவை எல்லாம் பகா எண்களாக இருந்ததால், எனக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்புறம் வீட்டில் சண்டை வந்தால் சமாதானத்துக்கு அந்த எண்ணைத்தான் சொல்வீர்கள். நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது, சாயங்காலம் நான் கிளம்பும் நேரத்தில் சொல்வீர்கள். நாளைக்கும் இருப்பேன் என்று அதற்கு அர்த்தம்.

ஒரு மத்தியானம் நீங்கள் கண்ணயர்ந்திருந்தீர்கள். கை சும்மா இருக்காமல் மருந்துப் பொட்டலக் காகிதத்தில் அதை வகுக்க ஆரம்பித்தேன். பதின்மூன்று வரை எப்படியும் ஒன்று மீதி வரும்; அதனால் பதினேழு, பத்தொன்பது, இருபத்துமூன்று. ஒவ்வொரு முறையும் மீதி வந்தது; மனசுக்கு நிம்மதியாக இருந்தது. ஐம்பத்தொன்பதில் மீதி இல்லை. திரும்பப் போட்டேன். அப்போதும் இல்லை. காகிதத்தை மடித்துவிட்டேன். அந்த நிலைமையில் இருப்பவரிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது?

விழித்ததும் என் முகத்தைப் பார்த்து, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். நீங்கள் வேறு எதையோ நினைத்துப் பயந்துவிட்டீர்கள் என்று தெரிந்தது. இனி மறைக்க முடியாது.

"ஏன்னா, நம்ம நம்பர் அம்பத்தொம்போதுல வகுபட்டுடுத்து."

சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகி, அது அடங்க நேரமாயிற்று. ஈவு எவ்வளவு என்றீர்கள். ஐந்நூற்று ஒன்பது என்றேன். கண்ணை மூடி அந்த இரண்டு எண்களையும் மனசுக்குள் வகுத்துப் பார்த்தீர்கள், இந்தத் தடவை ஒன்றையும் விடாமல். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ரெண்டா போனா போறது. அந்த ரெண்டும் மேல பிரியாது. நீ நின்னுடுவேடி."

நிற்கிறேன். நீங்கள் போன பிறகு அண்ணா பாலக்காட்டுக்கு வந்துவிடச் சொன்னபோது மாட்டேன் என்றேன். பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறேன். ஆனால், அந்த இரண்டில் நான் எது என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால், பெரியதை எனக்குக் கொடுத்துவிட்டு, என் பருமனைக் கேலி செய்திருப்பீர்கள். சில நாள் நான் ஐந்நூற்று ஒன்பது என்று படுகிறது, பல நாள் ஐம்பத்தொன்பது. எதுவானாலும், நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அந்த முப்பதாயிரத்து முப்பத்தொன்றுக்கு நான் திரும்பிப் போக வழியில்லை.