நான் சொல்லாத வாக்கியம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் ஆறு நாடுகளில் பேசினேன். பேசினேன் என்றால், நான் நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் குரல் பேசியது. அக்கா மகள் பாப்பா நடத்தும் பார்சல் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து தமிழர் யார் போன் செய்தாலும், கணினி என் குரலில்தான் பதில் சொல்லும். நாளைக்கு என் சரித்திரத்தை எழுதப்போகிறவனுக்காகக் குறித்துவைக்கிறேன்: கணினிக்குக் குரல் கொடுப்பதற்காக, போர்வை தொங்கவிட்ட சாமான் அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து தாள் தாளாகப் படித்தேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு இது ஆகுமா என்றவர்கள் எல்லாம் வாயடைத்துப் போனார்கள். வானொலியில்கூடக் கூப்பிட்டார்கள், நான்தான் போகவில்லை. சரி, கேட்டிருந்தால் கூப்பிட்டிருப்பார்கள்.

செவ்வாய் என்பதால், வாராவாரம் இருமிக்கொண்டே கூப்பிடும் அம்மா பேசினார்; நான் வைத்த பெயர் இருமல் அம்மா. பார்சல் எங்கே என்று கேட்பார். அது போன மாதமே அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு முட்டிவலி. பிறகு, மகன் வீட்டில் நாள் முழுக்க ஒருவரும் பேசுவதில்லை என்பது. "அப்படியாம்மா, பார்த்து நடங்க" என்றது என் குரல். அதை நான் படித்துக்கொடுக்கவே இல்லை. கணினி தானாகக் கோத்துக்கொண்டது. ஆனாலும் அதில் இருந்த பாசம் யாருடையது?

மார்ச் 9

இருமல் அம்மா இருக்கும் நாட்டில் புதுச் சட்டமாம். பேசுவது கணினி என்றால், எடுத்த எடுப்பிலேயே அதைச் சொல்லிவிட வேண்டுமாம். அடுத்த வாரத்திலிருந்து.

"அவன் ஊர்ச் சட்டம் அவன் ஊரோட. நம்ம ரூமுக்குள்ள வந்தா பிடிக்கப்போறான்?" என்றேன்.

"பிடிக்கவே வேணாம் மாமா. அங்க பார்சலை வீட்டுல கொண்டுபோய்க் கொடுக்குறவங்க, பயந்துபோய் நம்மளக் கைகழுவினா போதும். கடையை மூட வேண்டியதுதான்."

அந்த நாட்டு மந்திரிக்கு நான் ஒரு கடிதம் போட்டால் அடங்கிவிடுவார்கள் என்றேன். எந்த மொழியில் என்று கேட்டாள். வேண்டாத இடத்தில்தான் இவளுக்குப் புத்தி வேலை செய்யும்.

மார்ச் 11

சட்டம் கேட்கும் அந்த வாக்கியத்தைப் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எத்தனை சண்டையைப் பேசியே தீர்த்துவைத்த வாய் இது. இந்த வாய் "நான் மனிதன் இல்லை" என்று சொல்லுமா?

"நீங்க சொல்லவே வேணாம் மாமா" என்றாள். விசைப்பலகையில் தட்டினாள். கணினி சொன்னது. என் தொண்டை. என் மூச்சு. கடைசி எழுத்தில் எனக்கு வரும் இழுப்புகூட அப்படியே.

என்ன பண்ணுவது? கொடுத்த குரலை எங்கே போய்த் திருப்பிக் கேட்பேன்?

மார்ச் 17, செவ்வாய்

இருமல் அம்மா. வாக்கியம் முடிந்ததும் ஒரு இருமல். "அப்ப இத்தன நாளும்..." வைத்துவிட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

வரவில்லை.

மார்ச் 30

பாதிப் பேர் அந்த வாக்கியத்தைக் கேட்டதுமே வைத்துவிடுகிறார்கள். பேசினால்தானே பார்சல்? எடை போடும் மேஜை காலியாகக் கிடக்கிறது. பார்சல் கட்டும் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் டேப்பு. "நீங்க மனுஷன் இல்லேன்னு எனக்கு முன்னாடியே தெரியும் மாமா. வெளிநாட்டுக்காரனுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு" என்றாள். நானும் சிரித்தேன். சாயங்காலம் பாப்பா அவளைக் கூப்பிட்டு, இனி அரை நாள் வந்தால் போதும் என்றாள். அதற்குப் பிறகு இருவரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 6

நானே போனை எடுக்கிறேன், உலகமே திரும்பி வரும் பார் என்றேன். பாப்பாவுக்கும் வேறு வழி தெரியவில்லை.

முதல் ஆள்: "மனுஷனா? போன வாரம் இதே குரல்தானே மெஷின்னு சொல்லுச்சு. பதினேழு எட்டு எவ்வளவு, சொல்லு."

விரலை மடக்கினேன். "நூத்தி... இருபத்தாறு?"

"சரி, மனுஷன்தான்."

டேப்பு மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள். அடுத்து வந்தவர்கள் கணக்குக்கூடக் கேட்கவில்லை. நான் மனிதன், மனிதன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார்கள். சொல்லச் சொல்ல எனக்கே அது மெஷின் பேசுகிற மாதிரிதான் இருந்தது.

ஏப்ரல் 17

மாதக் கடைசியோடு பாப்பா அந்த நாட்டுக்குப் பார்சல் அனுப்புவதை நிறுத்துகிறாளாம். இனி வேலை இல்லை என்று டேப்புவிடமும் சொல்லியாகிவிட்டது. நான் சொன்ன யோசனைகளுக்கெல்லாம் பாப்பா தலையாட்டினாள். அக்கா போன அன்றும் நான் பேசப் பேச இப்படித்தான் தலையாட்டினாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

போனை நான்தான் எடுத்தேன். இருமலிலேயே தெரிந்துவிட்டது.

"நீ மெஷின்தானே?"

வாயைத் திறந்தேன்.

"மனுஷன்னா வச்சிடறேன். மனுஷங்ககிட்ட சொன்னா எப்படியும் என் பையன் காதுக்குப் போயிடும். மெஷின்னா யாருக்கும் பாரமில்ல. ஒரு மாசமா யோசிச்சுட்டுத்தான் பேசறேன்."

என் பெயர், என் வயது, வானொலி, ஆறு நாடு, எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

"ஆமாம்மா" என்றேன். "நான் மனிதன் இல்லை. சொல்லுங்க."

சொன்னார்.

ஏப்ரல் 22

"நேத்து அவ்வளவு நேரம் யாரு மாமா? என்னவாம்?" என்று கேட்டாள் பாப்பா.

"ராங் நம்பர்" என்றேன்.

இங்கேயும் எழுதப்போவதில்லை.