ஆரத்தி முடியும் வரை

புதுச்சேரி,
6-2-1961

அன்புள்ள குமாரவேலுக்கு, அம்மாவின் ஆசிகள்.

நீயும் சிமோனும் சுகமாகத் துலோன் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இங்கே தெருவே இன்னும் உன் மனைவியைப் பற்றித்தான் பேசுகிறது. உனக்கு முன்னால் அவள் சாப்பிட்டுவிட்டாளாம். உன் அத்தை தில்லையம்மாளுக்கு அது ஆறவில்லை. பிரான்ஸில் பெண்களுக்குத்தான் முதலில் பரிமாறுவார்கள் என்று விளக்கினேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் பிரெஞ்சு படித்த எனக்கு இதுகூடத் தெரியாதா?

தண்ணீர் கொண்டுவந்த அஞ்சலாட்சிக்கும் சிமோன் ஒவ்வொரு தடவையும் மெர்சி சொன்னாள். இப்போது அஞ்சலாட்சி என்னிடம், "ஏம்மா, இத்தினி வருஷத்துல நீங்க ஒரு வாட்டியாவது சொல்லியிருக்கீங்களா?" என்கிறாள். வீட்டு மனிதர்களுக்கு நன்றி சொல்வது நம் வழக்கமில்லை என்று வாயை அடைத்தேன்.

புறப்படும்போது சிமோன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அலைச்சல்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன்.

உன் அம்மா,
ராஜாம்பாள்

துலோன்,
27-2-1961

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

அலைச்சல் இல்லை அம்மா, வருத்தம். இங்கே மருமகள் முதன்முதலாக வந்தால் மாமியார்தான் வாசலில் நின்று இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு அழைத்துப் போவார். காரை விட்டு இறங்கியதும் சிமோன் உங்களைத்தான் தேடினாள். அத்தை ஆரத்தி எடுத்தார். எல்லாம் முடிந்தபின் நீங்கள் வந்து, தலைவலி என்றீர்கள்.

"நாலடி நடந்து வர முடியாத தலைவலியா?" என்று கேட்கிறாள். தன்னை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றே நினைக்கிறாள். ஆகஸ்டில் எங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. அதை அந்த வீட்டுக்குக் கொண்டுவரமாட்டேன் என்கிறாள்.

தலைவலி உண்மைதான் என்று அவளுக்குப் பிரெஞ்சில் இரண்டு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதினால் நம்புவாள்.

அன்பு மகன்,
குமாரவேல்

புதுச்சேரி,
15-3-1961

அன்புள்ள குமாரவேலுக்கு,

குழந்தைச் செய்தி படித்துச் சந்தோஷம். சிமோன் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நீ கேட்ட இரண்டு வரியை மூன்று முறை எழுதினேன். பிழை ஒன்றும் இல்லை. அனுப்பத்தான் கை வரவில்லை.

கார் நின்றதும் உன் மாமா வடிவேல் முன்னால் ஓடிவந்து என்ன சொன்னான் என்று உனக்குத் தெரியும். "அக்கா, ஆரத்தி முடியற வரைக்கும் நீ உள்ளயே இரு. குமாருதான் சொல்லச் சொன்னான். புருஷன் இல்லாதவ எதிர்ல நின்னா நாலு பேரு பேசுவாங்களாம்."

காலையிலிருந்து வாசலில் நின்றவள், உள்ளே போய் அரிசிப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றேன். "அம்மா எங்கே?" என்று சிமோன் உன்னைக் கேட்டது கதவைத் தாண்டிக் கேட்டது. நீ பதில் சொல்லவில்லை.

பழியை உன்மேல் போட்டு நான் தப்பிக்க மாட்டேன். சொல்லியனுப்பியவன் நீ, நடந்து போனவை என் கால்கள். பிரான்ஸில் கணவனை இழந்த தாயைக் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்காரவைப்பார்கள் என்று உறவுக்கெல்லாம் எடுத்துச் சொன்னவளும் நான்தான். அப்படிப்பட்டவள் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்து, நல்ல பிரெஞ்சில், தலைவலி என்று பொய் சொன்னேன். அதை நினைத்தால் வெட்கத்தில் சோறு இறங்கவில்லை.

நடந்ததை நடந்தபடி சிமோனுக்கு எழுதிவிட்டேன். அவள் பெயருக்குத் தனி உறை. இரண்டும் ஒரே தபாலில் வரும். அவள் பிரிப்பதற்குள் நீயே சொல்லிவிடு.

ராஜாம்பாள்